கடற்காகத்துக்கு ஓமப்பொடியா?

மாசி பிறந்துவிட்டால் ஸ்வெட்டரை மடித்து வைக்கலாமா, வேண்டாமா என்று தில்லியில் வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். எனக்குப் பதில் சொல்வது எங்கள் தெரு வேப்பமரத்துக் குக்குறுவான். குளிரில் பெரும்பாலும் வாய் திறக்காத அந்தப் பச்சைக் குருவி, பிப்ரவரியில் 'டுக், டுக், டுக்' என்று ஆரம்பிக்கும். தண்டவாளத்தில் கீமேன் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிற அதே தாளம். முப்பத்தைந்து வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்!

நான் எழுத வந்தது ஊருக்குக் கிளம்பும் பறவைகளைப் பற்றி. நிகம்போத் காட் பக்கம் யமுனையில் குளிர்காலத்தில் வந்திறங்கும் கடற்காகங்களைப் பார்க்காதவர் நம் சங்கக் குடும்பங்களில் இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் செங்கோட்டைக்கு அடுத்தபடி அங்கேதான். படகுக்காரர் "ஆவோ, ஆவோ" என்று குரல் கொடுப்பார். நாம் சேவ் பாக்கெட்டைப் பிரித்து வீசுவோம். (சேவ் என்பது நம் ஓமப்பொடிக்கு வடநாட்டு அண்ணன்.) தலைக்கு மேல் கூட்டமாகச் சுற்றும், உடனே போட்டோ. நானும் வீசியவன்தான். என் பெண் சிறுமியாக வீசும் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இனி வீச வேண்டாம் என்பது என் கட்சி. மீனும் புழுபூச்சியும் தின்கிற பறவை அது. எண்ணெயில் பொரித்து உப்பிட்ட கடலைமாவு அதன் தீனியல்ல. அதிலும் இந்த மாதங்கள் அதற்கு முக்கியமானவை. லடாக், திபெத் பீடபூமிக்கும், இமயத்துக்கு அப்பால் மத்திய ஆசியாவுக்கும் போய்த்தான் அவை கூடு கட்ட வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய கொழுப்பைக் கிளம்பும் முன்பே உடம்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் புறப்படும் எஞ்சினில் டீசலுக்குப் பதில் கையில் கிடைத்ததை ஊற்றுவோமா?

என் மனைவி ஒப்பவில்லை. "காக்காவுக்குச் சோறு வெச்சா புண்ணியம், இதுக்குப் போட்டா பாவமா?" என்றாள். காக்கைக்கு வைப்பது ஒரு பிடி வெறும் சோறு, வைத்துவிட்டுப் பாக்கெட்டை ஆற்றில் எறிவதில்லை என்றேன். "சரி, அந்த ஆத்துல மீன் எங்கே இருக்கு?" என்றாள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வஜீராபாத் முதல் ஓக்லா வரை சுமார் 22 கிலோமீட்டருக்குள் ஊர்ச் சாக்கடையெல்லாம் யமுனையில்தான் கலக்கிறது. காளிந்தி குஞ்சில் மிதக்கும் வெள்ளை நுரையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆற்றைக் கெடுத்துவிட்டு ஓமப்பொடியால் ஈடுகட்டப் பார்க்கிறோம்.

படகுக்காரர் பிழைப்பு கெடுமே என்பார்கள். சவாரி போவோம், காசு கொடுப்போம். பாக்கெட்டைத்தான் வேண்டாம் என்கிறேன். அப்படியே சங்கத்துப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது ஓக்லா சரணாலயத்துக்கும் அழைத்துப் போகலாம். நம் வேடந்தாங்கலுக்கு வரும் ஊசிவால் வாத்து அங்கும் வருகிறது. யாரும் எதுவும் போடாமலே, வாலை வானத்துக்குக் காட்டித் தலைகீழாகக் கவிழ்ந்து மேயும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு படகில் போனேன். கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு மட்டும் வெள்ளைத் தலை கரும்பழுப்பாக மாறியிருந்தது. கூடு கட்டும் பருவத்துக்கான கோலம் அது. "தாத்தா, நாம குல்லாவைக் கழட்டறோம், அது இப்பத்தான் போட்டுக்குது!" என்றான். பழக்கதோஷத்தில் வாங்கிய சேவ் பாக்கெட் பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து காப்பியோடு நாங்களே தின்றோம்.