மழை காணாத கடற்கரையில் ஒரு சிறு வீடு

கடற்கரை என்றதும் தென்னந்தோப்பும் ஐப்பசி மழையும் நம் நினைவுக்கு வருகின்றன. தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்துக் கடற்கரையோ முற்றிலும் வேறானது. பூமத்திய ரேகைக்கு வடக்கே சென்னை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே இருக்கிறது அத்தேசத்தின் தலைநகரான லிமா. எனினும், சென்னையில் ஆண்டுக்கு ஐம்பது அங்குல மழை பெய்ய, லிமாவில் ஓர் அங்குலம் பெய்வதே அபூர்வம். ஹம்போல்ட் நீரோட்டம் கடற்காற்றைக் குளிர்வித்து மேலெழவொட்டாமல் தடுக்கிறது. ஆண்டிஸ் மலைத்தொடர் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மறித்துவிடுகிறது. ஆகவே, அலை ஓயுமிடத்திலேயே பாலைவனம் தொடங்குகிறது.

லிமாவுக்குத் தெற்கே சுமார் 90 மைலில் உள்ள கான்யேத்தே பகுதியில், கோடையைக் கழிப்பதற்கென்று ஒரு சிறு குடும்பம் வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் மார்ச் வரை.

மழையில்லாத ஊரில் கூரை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். வெயிலுக்காகத்தான்! கடல் மேற்கே இருப்பதால் மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆதலால் கடலைப் பார்த்த பக்கத்தில் அகலமான தாழ்வாரம் அவசியம். கூடமும் உணவறையும் அதுவேயாகலாம். உறங்குவதற்கு மட்டும் சிறு அறைகள் போதும். காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசுவதால் அப்பக்கத்துச் சுவரை அடைத்துக் கட்ட வேண்டும். புல்தரை வளர்க்கும் ஆசையை விட்டொழிப்பதே நலம். குடிநீரே அருமையாயிருக்கும் இடம் அது.

வெள்ளைச் சுண்ணாம்பும் அங்கே உதவாது. பாலைப் புழுதி சில மாதங்களில் அதை அழுக்காக்கிவிடும். ஸாண்ட்ரா பார்க்லே, ஜான் பியர் க்ரூஸ் என்னும் சிற்பிகள் 2003-ல் கான்யேத்தேயில் கட்டிய வீட்டுக்கு மண்ணின் காவி நிறத்தையே பூசினார்கள். புழுதி படிந்தாலும் வீடு முதுமையடைந்ததாகத் தோன்றுவதில்லை.

இனி, உயிர் சம்பந்தமான விஷயம் ஒன்றுண்டு. பச்சை மண்கல் சுவர் குளிர்ச்சியானது, மலிவானது. ஆனால், 2007 ஆகஸ்டு 15-ந் தேதி அக்கரையை உலுக்கிய பூகம்பத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். இடிந்து விழுந்தவற்றில் மண்கல் வீடுகள் ஏராளம். இந்தப் பாடம் புதிதன்று. 1746-ல் லிமா நகரம் பூகம்பத்தில் அழிந்த பிறகு, மாடிச் சுவர்களை மரச்சட்டத்தில் நாணல் பின்னி மண் பூசிக் கட்டலாயினர். இலேசான சுவர் ஆடும், எளிதில் விழாது. இக்காலத்தில் கம்பி வைத்த கான்கிரீட் கட்டலாம் என்றாலும், உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கழுவாத கடல் மணலைக் கலவையில் சேர்த்தால் தீங்கு இரட்டிப்பாகும்.

மழையே இல்லை என்று அடியோடு நம்பிவிடுவதும் பிழை. கடல் நீர் வெப்பமடையும் சில வருஷங்களில் வானம் திடீரென்று திறந்துகொள்கிறது. 2017-ல் வறண்டு கிடந்த ஓடைகளெல்லாம் வெள்ளமாகப் பாய்ந்து வீடுகளை வாரிக்கொண்டு போயின. ஆகையால் தட்டைக் கூரைக்கும் சிறிது வாட்டம் இருக்கட்டும். வறண்ட ஓடைப் படுகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அங்கே மனை வாங்க வேண்டாம்.

வீடு கட்டுகிறவர் அந்த மண்ணின் பழைய கதையை முதலில் கேட்டறிய வேண்டும். கடலின் அழகைப் பிறகு கண் குளிரப் பார்த்துக்கொள்ளலாம்.