கைதட்டலும் கூலியும்

ஆண்டு முடியும் தறுவாயில் நிருவாகங்களுக்கு ஊழியர்மீது திடீரென அன்பு சுரந்துவிடுகிறது. பெரிய அரச வைத்தியசாலைகள் வெளியிடும் ஆண்டிறுதிச் செய்திமடல்களைப் புரட்டிப் பாருங்கள். நாமெல்லோரும் ஒரே குடும்பத்தினர் என்ற வாக்கியம் எந்த மூலையிலாவது இருக்கும். ஓய்வறைக்குப் புதிய நாற்காலிகள் வந்த செய்தி இருக்கும். மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு இருக்கும். சோர்ந்த மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழிகள் வரிசையாக இருக்கும். இவை யாவற்றுக்கும் சேர்த்து ‘ஊழியர் நலன்’ என்று பெயர். ஆனால், இரவு வேளையில் விடுதியொன்றின் நோயாளர்களுக்கு எத்தனை தாதியர் இருந்தனர் என்ற கணக்கை அங்கே காணமாட்டீர்கள். அவர்களுடைய சம்பளம் மாதத்தின் எத்தனையாந் தேதியில் தீர்ந்துபோயிற்று என்ற கணக்கையும் காணமாட்டீர்கள்.

இந்த நாடகத்தின் அங்கங்கள் அனைத்தையும் காண விரும்புவோர் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையை நோக்க வேண்டும். நமது கல்லூரிகளிற் பயின்ற வைத்தியரும் தாதியரும் போய்ச் சேரும் இடங்களுள் அதுவும் ஒன்றாகையால், அது நமக்கு யாரோ வீட்டுச் சங்கதி அன்று.

அச்சேவையை இகழ்வது என் நோக்கமன்று. 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் தேதி அதனைத் தொடக்கிவைத்த அனாயிரின் பெவன், 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் பிறந்த திரெடிகர் என்னும் வேல்ஸ் நகரில், சுரங்கத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து வைத்தியரை அமர்த்திய சங்கமே அவருக்கு முன்மாதிரியாயிற்று. மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதிக்கத் தமது கட்சியின் அரசாங்கமே முற்பட்டபோது, 1951இல் மந்திரிப் பதவியைத் துறந்து வெளியேறியவரும் அவரே. (அத்தகைய மந்திரிகளை இன்று அருங்காட்சியகத்திலேதான் தேட வேண்டும்.) தொழிலாளியின் கூலிக் காசிலிருந்து முளைத்த எண்ணத்தால் எழுந்த ஸ்தாபனம் அது. அதனாலேயே அங்கு தொழிலாளிக்கு நேர்ந்ததைக் காணும்போது நெஞ்சு கொதிக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் தேதி, வியாழக்கிழமை, இரவு எட்டு மணி. கொரோனா நோய் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். பிரித்தானிய மக்கள் தத்தம் வீட்டு வாசலில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினார்கள். அன்று தொடங்கிப் பத்து வியாழக்கிழமைகள் அவ்வொலி கேட்டது. மக்களின் கைதட்டலை நான் பழிக்கவில்லை. அது உண்மையான நன்றி. ஆனால் மந்திரிகளும் கூடவே நின்று தட்டினார்கள். மக்களிடம் கை மட்டுமே இருந்தது. மந்திரிகளிடம் திறைசேரி இருந்தது!

அவ்வாரங்களில் பாதுகாப்பு அங்கி கிடையாமற் குப்பைப் பைகளை உடலிற் கட்டிக்கொண்டு வேலை செய்த தாதியரின் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதைவிடக் கேவலமான சங்கதியொன்று உண்டு. வெளிநாடுகளிலிருந்து வந்து அங்கு தொழில் செய்வோர், வரி செலுத்துவதற்கும் மேலாக, வைத்தியசாலையைப் பயன்படுத்துவதற்கெனத் தலைக்கு ஆண்டொன்றுக்கு 400 பவுண் தனிக்கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தாதியும் அதற்கு விலக்கல்லள். எந்த வைத்தியசாலையில் இரவு பகலாக உழைத்தாளோ, அங்கு தான் நோயுற்றுக் கிடக்கும் உரிமைக்கு அவள் விலை கொடுத்தாள். மே 20ஆந் தேதி இதனை நீக்குமாறு பாராளுமன்றத்திற் கேட்டபோது பிரதம மந்திரி மறுத்தார். கண்டனம் எழவே மறுநாள் பணிந்தார். அந்த மறுநாளும் வியாழக்கிழமைதான். அன்றிரவும் கைதட்டினார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆந் தேதி, பரிசோதனைக்கு வெளியே முதலாவது பைசர் தடுப்பூசி கொவென்றி நகரில் ஏற்றப்பட்டது. ஏற்றிய தாதி பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய படம் உலகெங்கும் போயிற்று. மூன்று மாதங்கள் கழித்து, 2021 மார்ச்சில், அதே அரசாங்கம் தாதியருக்குச் சிபாரிசு செய்த சம்பள உயர்வு நூற்றுக்கு ஒன்று. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது மூன்றாயிற்று. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே அவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த அந்த ஜூலையிலேயே, வீரச் செயலுக்குரிய ஜோர்ஜ் சிலுவைப் பதக்கம் முழுச் சேவைக்கும் வழங்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. பதக்கத்தை அடுப்பில் வைத்துச் சமைக்க முடியாது. 2022 செப்டெம்பரில் வைத்தியசாலை நிருவாகங்களின் அமைப்பு நடத்திய விசாரணையில், பதிலளித்த நிருவாகங்களுள் 27 வீதமானவை தமது ஊழியருக்கென இலவச உணவு வங்கி நடத்துவதாகக் கூறின. வறியவருக்கு மருந்து கொடுக்கும் இல்லத்தில், மருந்து கொடுப்பவளே அரிசிக்கும் பாலுக்கும் வரிசையில் நிற்கிறாள்.

ஊழியரின் மனச்சோர்வுக்கு ஆறுதல் கூற இங்கிலாந்தில் 40 உளநல நிலையங்கள் அக்காலத்தில் அமைக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் 2023 மார்ச்சுடன் அவற்றுக்கான மத்திய நிதியும் நிறுத்தப்பட்டது. சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த ஆறுதலிலும் சிக்கனம் பிடித்தார்கள்!

மனநலம் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. சோர்வின் காரணத்தைத் தாதியின் மனத்துக்குள் தேடுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியிடம் சுமத்திவிட்டு, உனக்குச் சமாளிக்கும் பக்குவம் போதாது, மூச்சை இழுத்து விடு என்று போதிப்பது வைத்தியமா? 2022இன் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் 46,000க்கு மேற்பட்ட தாதியர் பதவிகள் நிரப்பப்படாமற் கிடந்தன. அந்த வெற்றிடத்தை எந்த மூச்சுப் பயிற்சி நிரப்பும்?

தாதியத்தைத் தியாகமென்று புகழ்வோர் தவறாமல் விளக்கேந்திய புளோரன்ஸ் நைற்றிங்கேலைத் துணைக்கழைப்பர். அவர்கள் விளக்கை மட்டுமே கண்டவர்கள். கிரைமியா யுத்தத்தின்போது ஸ்கூட்டாரி வைத்தியசாலையில் மரணங்கள் பெருமளவு குறைந்தது, 1855இல் அங்கு அனுப்பப்பட்ட சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழி செய்த பின்னரே. அதனை இலக்கங்களால் நிறுவி, 1858இல் வரைபடமாகத் தீட்டி ஆட்சியாளரின் முகத்துக்கெதிரே நீட்டியவர் அந்த அம்மையார். நோயாளிக்கு அவர் காற்றும் வெளிச்சமும் சுத்தமான நீரும் கேட்டார்; பொறுமை கேட்கவில்லை.

அவர் 1860இல் தாதியர் பாடசாலை நிறுவியது லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில். தேம்ஸ் நதியின் ஒரு கரையில் அது, எதிர்க்கரையிற் பாராளுமன்றம். 2022 டிசம்பர் 15ஆந் தேதி, குளிரில், அந்த வைத்தியசாலையின் வாசலில் தாதியர் பதாகை ஏந்தி நின்றனர். 1916இல் தோன்றிய அவர்களது சங்கம் 1995 வரை வேலைநிறுத்தத்தைத் தன் விதியாலேயே விலக்கி வைத்திருந்தது. இங்கிலாந்தில் அது நடத்திய முதலாவது வேலைநிறுத்தம் இதுவே. விலைவாசி அவ்வாண்டு ஒக்டோபரில் 11.1 வீதம் ஏறியிருக்க, தாதியருக்குத் தரப்பட்டது ஏறத்தாழ 4 வீதம். சம்பளத்தைப்பற்றிப் பேசவே முடியாது என்றார் சுகாதார மந்திரி.

நோயாளியைக் கைவிடலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நம் மத்தியிலும் அக்கேள்வியைக் கேட்கும் கனவான்கள் நிறைந்திருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தேற்றல், சிறுநீரகச் சுத்திகரிப்பு, தீவிர சிகிச்சை ஆகியவற்றை அத்தாதியர் வேலைநிறுத்தத்திலிருந்து விலக்கியே வைத்தனர். ஆளில்லாத விடுதிகளில் ஆண்டு முழுவதும் நோயாளியைக் கைவிட்டவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் கனவான்களிடம் விடையில்லை. அரசாங்கத்தின் விடை 2023 ஜூலையிற் கிடைத்தது: வேலைநிறுத்தக் காலத்திலும் குறைந்தபட்சச் சேவையைக் கட்டாயமாக்கும் சட்டம். வேலைநிறுத்தம் இல்லாத நாட்களுக்கு அப்படியொரு குறைந்தபட்சத்தை அச்சட்டம் விதிக்கவில்லை!

நமது நாட்டுக்கு வருவோம். 2022 மார்ச்சில் மருந்தின்மையால் பேராதனை வைத்தியசாலை வழமையான சத்திர சிகிச்சைகளை ஒத்திவைத்தது. அவ்வாண்டு ஜூனில், அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுகள் வரை வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றறிக்கை பிறந்தது. இலவசக் கல்வியில் நாம் உருவாக்கிய தாதியை அந்நியச் செலாவணிக்காக வழியனுப்பிவைத்து, எஞ்சியவளிடம் இருவர் வேலையை ஒப்படைத்தோம். செல்வந்த நாடு தன் வெற்றிடத்தை நம் வெற்றிடத்தால் நிரப்புகிறது. காலனித்துவம் தேயிலையோடு முடிந்துவிடவில்லை.

2024 ஜனவரியில் வைத்தியரின் விசேட அலவன்ஸ் 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆக்கப்படுவதென முடிவாயிற்று. தமக்கும் 35,000 வேண்டுமென ஏனைய 72 சுகாதாரச் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியர் தனியே, ஏனையோர் தனியே! ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் படிநிலை பார்த்துப் போராடுவது ஆட்சியாளருக்கு எவ்வளவு வசதி என்பதை நமது தொழிற்சங்கத் தலைவர்கள் இன்னும் உணரவில்லை. ஆயுதப் படையினர் வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். நோயாளரைத் தள்ளுகட்டிலிற் கொண்டுசெல்லச் சிப்பாய்கள் வந்தனர். சிற்றூழியர் கேட்ட தொகைக்குத் திறைசேரியிற் பணமில்லை என்று அறிவிக்கப்பட்டது.