பயிற்சி மட்டும் போதுமா? இளம் கால்பந்து வீரர்கள் தேங்குவது ஏன்?

2024 ஜூனில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார் சுனில் சேத்ரி. 2025 மார்ச்சில் மீண்டும் இந்திய அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 40. வந்ததும் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். அவருக்கு இது பெருமைதான். ஆனா, அந்த இடத்துக்கு 20களில் உள்ள ஒருவர் ஏன் கிடைக்கவில்லை?

சிக்கல் எங்கே?

2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் அதிக கோல் அடித்தவர் மொராக்கோ வீரர் அலாதீன் அஜாரி, 23 கோல்கள். இந்தியர்களில் முதலிடம், 14 கோல் அடித்த அதே சேத்ரிக்கு! களத்தில் 4 வெளிநாட்டினர் ஆடலாம் என்பதால், கோல் அடிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் அவர்களிடமே கிளப்புகள் கொடுக்கின்றன. இளம் ஸ்ட்ரைக்கருக்குக் கிடைப்பது பெஞ்ச், கடைசி 10 நிமிடம்.

பயிற்சியில் என்ன குறைகிறது?

பயிற்சியில் எதிரே நிற்பவர் தெரிந்த ஆள். வாய்ப்பைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. ஆட்டத்தில் அப்படியில்லை. முதல் பாதியில் ஏமாற்றிய தடுப்பாட்டக்காரரை இரண்டாம் பாதியில் எப்படித் தாண்டுவது, கால் சோர்ந்த பிறகு எங்கே ஓடுவது என்பதெல்லாம் 90 நிமிடம் ஆடினால்தான் பிடிபடும்.

இந்தியா முயன்று பார்க்கவில்லையா?

பார்த்தாச்சு. 2010இல் தொடங்கிய இந்தியன் ஆரோஸ் அணி, இளம் வீரர்களை மட்டுமே வைத்து ஐ-லீக்கில் ஆடியது. ஜெஜே லால்பெக்லுவா அங்கிருந்து வந்தவர்தான். 2013இல் கலைக்கப்பட்ட அணி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் பிறகு 2017இல் மீண்டும் வந்தது. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 என வீழ்த்தியது. பிறகு தோல்விகளே அதிகம். ஆனாலும் ஜீக்சன் சிங், சுரேஷ் சிங் போன்றோர் அங்கே பெரியவர்களோடு மோதிப் பழகி, தேசிய அணி வரை போனார்கள்.

2022இல் அந்த அணியும் முடிவுக்கு வந்தது. வயதுப் பிரிவு லீக்குகளே மாற்று என்றார்கள். சம வயதினரோடு ஆடுவதும், பத்து வருட அனுபவசாலியோடு ஆடுவதும் ஒன்றா?

என்ன வழி?

பார்சிலோனா, ரியல் மாட்ரிட் கிளப்புகளின் இரண்டாவது அணிகள், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் வளர்ந்த தொழில்முறை வீரர்களோடு ஆடுகின்றன. நம் கிளப்புகளும் இதைச் செய்யலாம். இல்லையென்றால், பெஞ்சில் இருப்பவர்களை இரண்டாம் நிலை லீக் அணிகளுக்கு ஒரு சீசன் லோனில் அனுப்பலாம். தோற்றாலும் பரவாயில்லை, அவர்கள் ஆட வேண்டும். அடுத்த முறை கூப்பிட சேத்ரி இருக்க மாட்டார்.