முதுகு தாங்கும் பாரம்

யானை துதிக்கையால் ஏறத்தாழ 300 கிலோ தூக்கும் என்று கேட்டு வியக்கும் நாம், 1885ஆம் ஆண்டில் இலங்கையின் நானுஓயா வரை மலையேறிவிட்ட புகைவண்டியின் பராக்கிரமத்தையும் மெச்சுகிறோம். ஆயினும் அவ்வண்டி தலவாக்கலையிலிருந்து கொழும்புக்குச் சுமந்து சென்ற தேயிலை முழுவதும் முதலில் பெண்களின் முதுகேறியே மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) வந்தது என்பதை எவரும் பிரஸ்தாபிப்பதில்லை.

ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலையில் ஆவியாகப் போகிற நீரே. மழைநாளில் அந்த நீர் இன்னும் அதிகரிக்க, வழுக்குப் பாதையில் அதனையும் சுமந்து வருபவளிடம், நிறுவையின்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துவிடும் வழக்கம் (கணக்கில் சேராத பாரமும் பாரந்தானே!) விநோதமான நியாயம்.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1967ஆம் ஆண்டுச் சிபாரிசு, வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்சவரம்பை 55 கிலோ என்றும், பெண்களுக்கு அதனிலும் கணிசமாகக் குறைய வேண்டும் என்றும் விதித்தது. சரிவையும் சேற்றையும் அந்த எண் மட்டும் எடைபோட்டுவிடாது. முற்காலத்தில் செங்குத்தான சில தோட்டங்களில் கம்பிவழியே கொழுந்து மூட்டைகளை இறக்கியதுண்டு; அவ்வேற்பாட்டைப் புதுப்பிப்பதோடு, நிறுவையை மலையடியிலேயே நடத்துவதும் நிர்வாகங்களுக்கு அசாத்தியமன்று.