இணையவழி இறையியற் கல்வி

இறையியலிலும் சபைத் தலைமையிலும் பட்டம் பெற விரும்புவோர், வீட்டைவிட்டுப் பெயராமலே அதனைப் பெறத்தக்க காலம் இது. கடல்கடந்த நாட்டுக் கல்லூரியொன்றின் விரிவுரையை நம் சிற்றூர்த் திண்ணையிலிருந்து கைப்பேசியிற் கேட்கலாம், கட்டுரையை அதன் வழியே விடுக்கலாம், தேர்வும் எழுதலாம். 2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றின் பொருட்டுக் கல்லூரிகள் கதவடைத்தபொழுது வேறு வழியின்றி யாவரும் மேற்கொண்ட இம்முறை, இன்று பலர் விரும்பி மேற்கொள்ளும் முறையாயிற்று. இதனைக் குறித்து நம்மனோரிடை இருவகைக் கருத்து நிலவுகின்றது. ஒருசாரார் இதனை ஏழையர்க்குத் திறந்த வாயில் என்பர். மற்றொருசாரார் காசுக்குக் கிடைக்கும் காகிதம் என்பர். யான் இறையியல் மாணவனல்லேன், தமிழ் பயில்வோன். ஆயினும், ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கும் சபையாருள் ஒருவனாதலின், இது குறித்துச் சில கூற எனக்கும் உரிமையுண்டு. இக்கல்வி ஒருவகையார்க்கு மிகப் பொருந்தும், மற்றொருவகையார்க்குச் சிறிதும் பொருந்தாது என்பதே என் கருத்து.

தொலைவிலிருந்து கற்பித்தல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பவுல் அப்போஸ்தலர், தாம் அதுகாறும் சென்று காணாத ரோமாபுரிச் சபைக்குத் தம் உபதேசத்தின் சாரத்தை நிருபமாகவே வரைந்து விடுத்தார். ஆயின் அந்நிருபத்தின் தொடக்கத்திலேயே அவர்களை நேரிற் காணத் தமக்குள்ள பெருவிருப்பையும் புலப்படுத்தினார். எழுத்து கற்பிக்கும் என்பதையும், எழுத்து மட்டும் போதாது என்பதையும் அவர் ஒருங்கே அறிந்திருந்தனர் போலும். பிற்காலத்தே 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், எக்கல்லூரியிலும் தங்கிப் பயிலாதோரும் தன் பட்டத்தேர்வுகளை எழுதலாமென்று வாயில் திறந்தது. நம் நாட்டில் கேரி, மார்ஷ்மன், வார்டு என்பார் 1818-இல் தோற்றுவித்த செராம்பூர்க் கல்லூரி, 1827-இல் டென்மார்க்கு மன்னரின் சாசனத்தாற் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இயங்கும் அதன் ஆட்சிக்குழு, கல்லூரியில் தங்கிப் பயில்வோர்க்கேயன்றி வெளிமாணாக்கர்க்கும் இறையியற் கல்வி அளித்து வருகின்றது.

இவ்வரலாற்றில் நாம் கருதிப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. 1963-ஆம் ஆண்டில் நடு அமெரிக்க நாடாகிய குவாத்தமாலாவில் பிரஸ்பிடேரியன் இறையியற் கல்லூரியினர் பெரியதோர் இடர்ப்பாட்டைக் கண்டனர். சிற்றூர்களினின்று வந்து தங்கிப் பயின்ற இளைஞர் பலர் மீண்டும் தம் ஊர் சென்று ஊழியஞ்செய்ய ஒருப்பட்டிலர். சிற்றூர்ச் சபைகளை உண்மையாகவே நடத்திவந்த மூப்பர்களோ, மனைவி மக்களையும் விளைநிலத்தையும் விட்டுக் கல்லூரிக்கு வர இயலாதவராயினர். ஆதலின் ரால்ப் விண்டர் முதலிய ஆசிரியர்கள், மாணாக்கரைக் கல்லூரிக்கு அழைப்பதை விடுத்துக் கல்லூரியை மாணாக்கரிடம் கொண்டு சென்றனர். மூப்பர் தம் வீட்டிலிருந்தே பாடம் படித்தனர். ஆசிரியர் வாரத்திற்கொருமுறை அவரிருக்கும் வட்டாரத்திற்குச் சென்று அவரோடு உரையாடினர். இம்முறை பல நாடுகளிற் பரவி, 1971-இல் பெங்களூரை நடுவாகக் கொண்டு நம் நாட்டிலும் நிலைபெற்றது. இதன்கண் ஒன்று கவனிக்கற்பாலது. சபையை ஏற்கெனவே நடத்துவோர்க்கே அக்கல்வி வகுக்கப்பட்டது, சபையொன்றையும் அறியாதார்க்கன்று.

இதன் காரணத்தை நம் பழந்தமிழ் நூலொன்றே விளக்கும். சமண முனிவராகிய பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில், மாணாக்கன் கல்வி நிரம்பும் ஆற்றைக் கணக்கிட்டுக் கூறுகின்றார். ஆசிரியன் உரைத்ததை அமைதியாகக் கொண்டவழியும் காற்பங்கு புலமையே எய்தும். உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு எய்தும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே வரும் என்பது அவர் கருத்து. இவ்வளவுகோலால் இணையவழி இறையியலை அளந்து பார்ப்போம்.

முதற் காற்பங்கைத் திரை தருதல் கூடும். நல்லாசிரியர் ஒருவரின் விரிவுரையை வேண்டியபொழுது நிறுத்தியும் மீண்டும் கேட்டும் பயிலும் வசதி வகுப்பறையில் இல்லை.

இரண்டாங் காற்பங்கில்தான் பேரிழப்பு நேர்கின்றது. இறையியற் கல்லூரி விடுதியில் வேறு வேறு சபைப்பிரிவினரும், வேறு வேறு ஊரினரும், ஊரிலிருந்தால் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் புகாதாரும், ஒரே பந்தியில் உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபையினின்று அறவே விலக்குமாறு 1833-இல் கட்டளையிட்டார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தும் அந்நோய் நம் சபைகளினின்று முற்றும் நீங்கிற்றில்லை. கல்லறைத் தோட்டங்களிலும் அதன் வடுவைக் காண்கின்றோம். தன் தெருவிலேயே அமர்ந்து, தன் இனத்தாரிடையே இருந்து, திரையிற் சமத்துவப் பாடம் கேட்பவன் தேர்வில் முதன்மை பெறலாம். ஆயின் பிறன் கலத்தில் உண்டு பழகாத நா, அன்பைப் பற்றி உரைக்கும்பொழுது அவ்வுரை நெஞ்சிற் புகுமோ? இவ்விழப்பைச் சிறிதென்று எண்ணுவார் நம் நாட்டுச் சபைகளின் நிலையை அறியாதாரேயாவர்.

மூன்றாவதாகிய அரைப்பங்கில் நிலைமை மாறுகின்றது. ஐம்பது குடும்பங்களைப் பேணும் ஓர் உபதேசியார், வெள்ளிக்கிழமை கற்றதை ஞாயிற்றுக்கிழமை தம் மக்களுக்கு எடுத்துரைக்கின்றார். யோபுவின் துன்பத்தைப் பற்றிய பாடம் முடியுமுன்னரே பிள்ளையை இழந்த தாயொருத்தி அவர் வாயிலில் வந்து நிற்கின்றாள். அன்று அவர் கற்கும் கல்வி, விடுதியில் வாழும் இளைஞற்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆகவே கேட்கச் சபையுடையார்க்கு இணையவழிக் கல்வி முக்காற் பயன் தரும். அஃதில்லார்க்குக் காற்பயனே தரும்.

இனித் தலைமையை நோக்குவோம். தலைமைப் பண்பினைப் பதினான்கு பாடங்களாகவோ இருபது பாடங்களாகவோ பகுத்துக் கற்பித்தல் இயலும்; ஆனால் ஒருவன் தலைவனா என்பதைச் சொல்லத்தக்கார் அவனால் நடத்தப்பெறுவோரே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், 1716-இல் அங்கே ஊழியரைப் பயிற்றும் பள்ளியொன்றைத் தொடங்கினார். அவரிடம் 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன் என்பார், உபதேசியாராகப் பல்லாண்டு ஊர் ஊராக உழைத்து, மக்களால் நன்கறியப்பெற்ற பின்னரே 1733-இல் குருப்பட்டம் பெற்றார். நம் நாட்டினருள் லுத்தரன் சபைக் குருவான முதல்வர் அவரே. அவர்க்குச் சான்றிதழாய் நின்றது அவர்தம் உழைப்பு. இன்றோ, எச்சபையும் அறியாத ஒருவர் தம் பெயர்க்கு முன்னும் பின்னும் பட்டங்களைச் சுமந்து, சுவரொட்டிகளில் தலைவராகத் தோன்றுகின்றார். இஃது இணையத்தின் குற்றமன்று. பட்டத்தைக் கண்டு ஆளை மதிக்கும் நம் குற்றமே.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கடல்கடந்து வரும் பாடங்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கிலத்திற் கற்றுத் தமிழிற் பேசுவோர், கற்றதைத் தம் மொழியில் மீண்டும் ஒருமுறை சிந்தித்தல் வேண்டும். அங்ஙனம் சிந்தியாதார் பிரசங்கம், அயல்நாட்டு உவமைகளும் விளங்காச் சொற்களும் நிறைந்து, களையெடுத்து வந்து அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு யாதும் அளியாது போகின்றது. மதுரை அரசரடியில் 1969-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு இறையியற் கல்லூரி, தமிழ் வாயிலாக உயர்நிலை இறையியலைக் கற்பித்தல் கூடுமென்று காட்டியுள்ளது. இணையவழிப் பாடங்களும் அவ்வழி நிற்றல் நலம்.

"வீட்டையும் குழந்தைகளையும் விட்டு வர இயலாத பெண்கள், ஊதியம் இழந்தாற் பசிக்கும் ஏழையர், இவர்கட்கு இஃதொன்றே வழியன்றோ?" என்று வினவலாம். உண்மையே. ஓய்வுநாட் பள்ளியையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் தாய்மார் எத்தனையோ பேர் நம் சபைகளில் உளர். அவர் கைக்கு இக்கல்வி எட்டுவதாயின் அது பெரும்பேறே. அவர் பொருட்டாகவே இதனை வலியுறுத்த வேண்டும். அவர் பொருட்டாகவே இது மலிந்து மதிப்பிழவாமற் காக்கவும் வேண்டும்.

ஆதலின் மூன்று முறைகளை வேண்டுகின்றேன். முதலாவது, தலைமைப் பட்டத்திற்கு விண்ணப்பிப்போர், தாம் ஊழியம் செய்யும் சபையின் மூப்பர் கையொப்பமிட்ட கடிதமொன்றைக் கொணர்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் மாணாக்கர் மாதம் ஒருமுறையேனும் ஓரிடத்திற்கூடி, ஒன்றாக உண்டு, கற்றதை ஒருவரோடொருவர் வாதித்தல் வேண்டும். மூன்றாவது, மதிப்பெண்ணில் ஒரு பங்கு, தாய்மொழியிற் சபைமுன் ஆற்றும் உரைக்கு உரியதாதல் வேண்டும். அப்பங்கை அளித்தற்குச் சபையாரே உரியர்.

இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. இவற்றைச் செய்யாதொழியின், சில ஆண்டுகளிற் பட்டம் பெற்றார் பலரும், மந்தையை அறிந்தார் சிலருமாய் நம் சபைகள் நிற்கும். அந்நிலை நேராவண்ணம் திருச்சபைப் பெரியோரும், இக்கல்லூரியிற் பயின்று அவ்வூழியத்திற்குச் சென்றிருக்கும் பழைய மாணவரும் ஆராய்ந்து ஆவன செய்வாராக.