ராஜினாமா யாரிடம் கொடுப்பது?

பெரியபட்டினத்துக் கரையைத் தொடும் மன்னார் வளைகுடாவின் தண்ணீர்தான் அக்கரையில் இலங்கையையும் தொடுகின்றது. 1983 முதல் அங்கு குண்டு விழுந்தபோதெல்லாம் இங்கு இராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடியிலும் அகதிகள் வந்திறங்கியதையும், மண்டபம் முகாமில் அவர்கள் அடைபட்டுக் கிடந்ததையும் நம் ஜில்லாவாசிகள் கண்ணாரக் கண்டவர்களேயாவர். ஆகையால், அந்த யுத்தத்தை நிறுத்தும்படி நம் பிரதிநிதிகளைக் கேட்க நமக்குள்ள பாத்தியதை வேறு எவருக்கும் குறைந்ததல்ல. அப்படிக் கேட்டதன் பலன் என்னவாயிற்று என்பதைக் கட்சித் தொண்டர்கள் இன்றாவது யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

2008 அக்டோபர் 14ந் தேதி, அப்போது முதல் மந்திரியாயிருந்த தோழர் மு. கருணாநிதியின் தலைமையில் சென்னையில் சர்வகட்சிக் கூட்டம் கூடிற்று. இரண்டு வாரத்திற்குள் இந்திய சர்க்கார் யுத்தத்தை நிறுத்த ஏற்பாடு செய்யாவிட்டால், தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் ராஜினாமாச் செய்வதென்று தீர்மானமாயிற்று. தி.மு.க. அங்கத்தினர்கள் ராஜினாமாக் கடிதமும் எழுதினார்கள். 24ந் தேதி தொண்டர்கள் கொட்டும் மழையில் கைகோத்து நின்றார்கள். 26ந் தேதி வெளிநாட்டு மந்திரி தோழர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து பேசிப் போனார். ராஜினாமாப் பேச்சும் அவரோடே போய்விட்டது.

அக்கடிதங்கள் யாரிடம் கொடுக்கப்பட்டன? கட்சித் தலைவரிடம்! அரசியல் சட்டத்தின் 101வது பிரிவோ, லோக்சபை அங்கத்தினர் தமது ராஜினாமாவைச் சபாநாயகருக்கு எழுதவேண்டும் என்கின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் போகாமல் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு வைப்பதற்கும், தலைவரின் மேஜையில் கடிதத்தை வைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

"ராஜினாமாச் செய்திருந்தால் மட்டும் கொழும்பு கேட்டிருக்குமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்டிருக்கும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் 2008 ஜூலை 22ந் தேதி டில்லி சர்க்கார் நம்பிக்கை ஓட்டில் 275க்கு 256 என்று பிழைத்தது. வித்தியாசம் 19. தி.மு.க.விடம் இருந்த ஸ்தானம் 16. இந்தக் கணக்கு டில்லிக்குத் தெரியாததல்ல. நம் தொண்டர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததென்ன? 2009 ஜனவரி 29ந் தேதி முத்துக்குமார் என்னும் வாலிபர் சென்னையில் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். இவ்வழியை நாம் ஒருக்காலும் ஆதரியோம். செத்தவனுக்கு மாலை போடுவது தலைவர்களுக்குச் சுலபம். உயிரோடிருந்து கேள்வி கேட்பவனுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஏப்ரல் 27ந் தேதி முதல் மந்திரி அண்ணா சமாதியில் சில மணி நேரம் உண்ணாவிரதமிருந்தார். கனரக ஆயுதங்களை இனி உபயோகிப்பதில்லை என்று கொழும்பு சொன்னவுடன் அது முடிந்தது, யுத்தம் முடியவில்லை. மே 13ந் தேதி ஓட்டுப் போட்டோம். 16ந் தேதி எண்ணினார்கள். 18ந் தேதி எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் மாண்ட பொதுஜனங்கள் 40,000 பேர் வரையில் இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் சொல்லிற்று. நம் இராமநாதபுரம் தொகுதியிலிருந்து 2004லும் 2009லும் டில்லிக்குப் போனவர்கள் தி.மு.க.வினரே. ஓட்டுக் கேட்க வந்தபோது, "அந்தக் கடிதம் எங்கே?" என்று கேட்ட தொண்டர் எத்தனை பேர்?

இங்கிலாந்தில் 2003 மார்ச் 18ந் தேதி, இராக் யுத்தம் கூடாதென்று தொழிற்கட்சி அங்கத்தினர்கள் 139 பேர் தங்கள் சொந்த சர்க்காருக்கு எதிராகவே ஓட்டளித்தார்கள். யுத்தம் நிற்கவில்லைதான். ஆனால் எவன் எப்பக்கம் நின்றான் என்பது ஊருக்கெல்லாம் பேர்பேராய்த் தெரிந்தது. இங்கும் 2013 மார்ச்சில் மாணவர்கள் பட்டினி கிடந்து தெருவுக்கு வந்த பிறகு, 19ந் தேதி தி.மு.க. டில்லி சர்க்காரை விட்டு விலகிற்று. நெருக்கினால் நகருவார்கள் என்பதற்கு இதுவே ருஜு. ஆனால் பந்தி கலைந்து நாலு வருஷம் கழித்து இலை போட்டு யாருக்குப் பிரயோஜனம்?

ஆகவே தோழர்களே! நாளை எங்கு யுத்தம் மூண்டாலும், எக்கட்சித் தொண்டராயினும், உங்கள் கிளையில் தீர்மானம் போடுங்கள். அதில் தேதி குறிப்பிடுங்கள். உங்கள் அங்கத்தினரை ஊருக்கு அழைத்து ஜனங்கள் முன் பதில் சொல்லச் செய்யுங்கள். ராஜினாமா என்றால் சபாநாயகரின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கட்சி கெட்டுப்போகும் என்பான் ஒருவன். கேட்காததால் கெட்டது என்னவென்று அவனுக்கு முள்ளிவாய்க்காலைக் காட்டுங்கள்.