வள்ளுவர் குரல்!

ஆபீஸில் பதினோரு மணி. எக்செல்லில் சம்பளப் பட்டியல். விரல் படக்கூடாத இடத்தில் பட்டுவிடுகிறது. அவ்வளவுதான், கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்துவிடுகிறது! நீங்கள் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அதிலிருப்பதை ஊருக்கே ஒலிபரப்புகிறது. யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்பது உட்பட.

"என்னப்பா, வைரஸா?" என்கிறார் பக்கத்து சீட். ஒருவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்குகிறார். இன்னொருவர் ஆபத்பாந்தவனாகப் பாய்ந்து வந்து சுவிட்சையே அணைக்கிறார். சேவ் பண்ணாத பட்டியல்? கோவிந்தா!

வைரஸும் இல்லை, பேயும் இல்லை சார். அவர் பெயர் நரேட்டர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர். தனியாக வாங்க வேண்டாம், விண்டோஸுக்குள்ளேயே குடியிருக்கிறார். விண்டோஸ் 2000-த்தில் குடிவந்தவர். (தமிழும் அந்த வீட்டுக்கு அதே விண்டோஸில்தான் முறைப்படி குடிவந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் பால் காய்ச்சியிருக்கிறார்கள்!)

விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் - மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பேசுவார். அதே மூன்றை மறுபடி அமுக்கினால் போய்விடுவார். போகவேண்டாம், இப்போதைக்கு வாயை மூடினால் போதும் என்றால், கன்ட்ரோலை மட்டும் ஒரு தட்டு. பாதி வாக்கியத்தில் கப்சிப். மேனேஜருக்கும் இப்படி ஒரு கீ இருக்கக்கூடாதா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் மெதுவாக விடவும். கேபின் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆப்பிள்காரர்களுக்கு இவர் பெயர் வாய்ஸ்ஓவர். மாக்கில் கமாண்ட், எஃப்5. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். போன் விஷயத்தில்தான் நிறைய பேர் வியர்த்துப் போகிறார்கள். டாக்பேக் ஆன் ஆகிவிட்டால் ஒரு தட்டுக்குப் பெயரை மட்டும் சொல்லும். திறப்பதற்கு இரட்டைத் தட்டு. பக்கத்தைத் தள்ளுவதற்கு இரண்டு விரல். இது தெரியாமல் ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, 'டச் போச்சு' என்று ரிப்பேர் கடைக்குக் கிளம்ப வேண்டாம். வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்துப் பாருங்கள். அந்தக் குறுக்குவழியை முன்பே இயக்கி வைத்திருந்தால் நின்றுவிடும். இல்லையென்றால் செட்டிங்ஸுக்குள் போய், மேலே சொன்ன இரட்டைத் தட்டு வைத்தியம்தான்.

நரேட்டருக்குத் தமிழும் தெரியும். விண்டோஸில் தமிழ் மொழியை அதன் பேச்சு வசதியோடு சேர்த்துக்கொண்டால் ஓர் ஆண் குரல் கிடைக்கிறது. அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற பெயர் வள்ளுவர்! குறள் தந்தவர் குரலும் தருகிறார். 1330 எழுதியவரை உட்காரவைத்து 'செல் பி ஏழு' என்று வாசிக்க விட்டிருக்கிறோம்.

நமக்கு இது வேடிக்கை. அதே செக்‌ஷனில் பார்வையில்லாத ஒரு நண்பர் வேலை பார்த்தால், அவருக்கு மானிட்டரே இந்தக் குரல்தான். 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வான சென்னைப் பெண் பெனோ செஃபைன் படித்தது ஜாஸ் என்கிற ஸ்கிரீன் ரீடர் துணையோடு. ஜாஸுக்குக் காசு அதிகம். அது கட்டுப்படியாகாதவர்களுக்காகவே பார்வையில்லாத ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் என்.வி.டி.ஏ. என்ற ஒன்றை எழுத ஆரம்பித்தார். இன்றுவரை இலவசம்.

இப்போது அந்தப் பிடுங்கின ஸ்பீக்கர் ஒயருக்கு வருவோம். 'ஒரே தொந்தரவுப்பா' என்று சொல்லி ஒயரைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு நாம் டீக்குப் போய்விடுகிறோம். நண்பர் வந்து உட்கார்ந்து அந்த மூன்று கீயை அமுக்குகிறார். நிசப்தம். கரண்ட் இல்லையா, மெஷின் ஹேங்கா, மியூட்டா, ஒயரே இல்லையா? நாமென்றால் ஒரு பார்வையில் கண்டுபிடிப்போம். அவர், நாம் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மேனேஜர் கண்ணில் அதுதான் படும்: 'ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.' நூறு ரூபாய் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்தால் தீர்கிற பஞ்சாயத்து இது.

இன்னொரு அநியாயம் நம் ஃபைல்களில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் டைப் செய்தது பார்க்கத் தமிழ், உள்ளே இங்கிலீஷ். 'தமிழ்' என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்! ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். வள்ளுவரே வந்தாலும் முழிப்பார். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டாயிற்று. 'பழக்கமான ஃபான்ட் சார்' என்று இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்குலரை ஸ்கேன் பண்ணிப் படமாக அனுப்புகிறவர்கள் அவர்களுக்கு அண்ணன். அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம். சந்தேகமாக இருந்தால் மானிட்டரை அணைத்துவிட்டு, நரேட்டரைப் போட்டு, நீங்களே அனுப்பிய சர்க்குலரைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் தமிழ்க்குரல் நம் வாசலிலேயே தயாரான சரக்கு. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் இந்திய மொழிகளுக்குக் கணினிக் குரல் உருவாக்கிய கூட்டணியில், தமிழுக்காக உழைத்தது செங்கல்பட்டு மாவட்டம் கலவாக்கத்தின் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி. ஓ.எம்.ஆரில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறோமே, அதேதான்.

அந்தப் பக்கம் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு. படகு விடப் போகிறவர்களுக்கு, பன்முகக் குறைபாடுடையோருக்காக மத்திய அரசு 2005-ல் நிறுவிய தேசிய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது என்பது தெரிவதில்லை. கண்ணோடு காதும் இல்லாதவர்களுக்கு வள்ளுவர் எவ்வளவு கத்தினாலும் பிரயோஜனமில்லை. அவர்களுக்காக, கம்ப்யூட்டரோடு இணைகிற பிரெயில் பலகை உண்டு. திரையில் வரி மாற மாற, அதில் குட்டிக் குட்டி ஊசிமுனைகள் எழும்பித் தாழும். விரலால் தடவிப் படித்துக்கொள்ளலாம். நரேட்டர் அதற்கும் தோது பண்ணித் தருவார். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாமல்லபுரம். பாறையில் யானையும் யானைக்குட்டியும் புடைத்து நிற்கின்றன. விரலுக்கு அது யானைதான். போன் திரையைத் தடவினால் வெறும் கண்ணாடி. டாக்பேக் பேசினால்தான் அது போன்.

அதே போனில் பார்வையில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு சௌகரியம். ஐபோனில் வாய்ஸ்ஓவரைப் போட்டு, மூன்று விரலால் மூன்று தட்டுத் தட்டினால் திரை முழுக்க இருட்டாகிவிடும். போன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். செங்கல்பட்டு லோக்கலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பாட்டுக்கு மனைவியின் மெசேஜைக் கேட்டு, சிரித்து, பதிலும் அனுப்பிக்கொண்டு வருவார். தாம்பரத்திலிருந்து தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிற பக்கத்து சீட்காரருக்கு, சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியும் ஒரு எழுத்துகூடத் தெரியாது.